நிழல் விழாத உடல்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரோடு மடாதிபதிகள் வழிவழியாக இங்கே அமர்கிறார்கள். ஊரில் பார்சுவநாதர் கோயில் பெரியது, மல்லிநாதர் கோயில் பழையது. மல்லிநாதர் கோயிலில் ஒரு பாறை முகத்தில் பாகுபலி, பார்சுவநாதர், தருமதேவி முதலிய உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு வேலை என்பார்கள். புடைப்புச் சிற்பம் நம் கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான். மூக்கின் நிழல் கன்னத்திலும், கொடியின் நிழல் தொடையிலும் விழாவிட்டால் அங்கே வெறும் கல்தான் இருக்கும். ஆனால் இப்படி நிழலால் வரையப்பட்ட தீர்த்தங்கரரைப் பற்றித் திகம்பர நூல்கள் சொல்லும் அதிசயங்களில் ஒன்று, கேவலஞானம் என்ற முழு அறிவை அடைந்தபின் அவர் உடலுக்கு நிழல் கிடையாது என்பது. அந்த உடல் தூய படிகம் போன்றது என்றும், இரசம், குருதி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்ற ஏழு தாதுக்களும் நீங்கியது என்றும் சொல்கிறார்கள். இதைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் போகலாம், புராணப் புளுகு என்று ஒதுக்கிவிட்டும் போகலாம். இரண்டிலும் சிரமமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எல்லாம் அறிந்தவனுக்கு ஒளி ஊடுருவும் உடலை ஏன் கொடுத்தார்கள்? அறிவை மறைப்பதும் ஒளியை மறைப்பதும் ஒரே வகையான மறைப்பு என்று ஏன் எண்ணினார்கள்? மறைப்பு என்பதுதான் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு மருத்துவ ஒளியியல் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்த்திருக்கும் சான்றுகள், சமணத் தத்துவத்தின் சில பகுதிகளை உறுதிப்படுத்துகின்றன, சிலவற்றைத் திருத்தச் சொல்கின்றன. இரண்டையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடலின் உள்ளே இருட்டு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பிடித்தால் விரல் முழுவதும் சிவப்பாக ஒளிர்கிறது. நீலத்தையும் பச்சையையும் குருதியின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. அதற்கும் அப்பால், ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், ஹீமோகுளோபினும் குறைவாகவே விழுங்குகிறது, நீரும் குறைவாகவே விழுங்குகிறது. அந்தச் சாளரத்தில் நுழையும் ஒளித்துகள் ஒன்று மென்திசுவுக்குள் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் செல்லின் உட்கருவிலோ மைட்டோகாண்ட்ரியாவிலோ கொலாஜன் நாரிலோ பட்டுத் திசை மாறுகிறது. பெரும்பாலும் முன்பக்கமாகவே சற்றுச் சாய்வதால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போனபிறகுதான் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதை முற்றிலும் இழக்கிறது. ஆனால் அது விழுங்கப்படுவதற்கு வளைந்து நெளிந்து 10 சென்டிமீட்டர் அளவுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அதாவது, அழிவதற்கு முன் ஆயிரம் முறை திரும்புகிறது. விரலில் டார்ச் பிடிக்கும்போது சிவப்பு தெரிகிறது, எலும்பு தெரிவதில்லை. காரணம் இதுதான். எலும்பைக் கடந்து ஒளி வந்துவிடுகிறது. எலும்பின் வடிவத்தைத்தான் அதனால் கொண்டுவர முடியவில்லை.

இனிச் சமண உரைகளுக்கு வருவோம். உயிரின் இயல்பே அறிவு. அதை மறைப்பது ஞானாவரணீயம் என்ற வினை. இந்த மறைப்பை விளக்க இரண்டு உவமைகள் வழங்குகின்றன. ஒன்று துணி. 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திரர் எழுதிய கோம்மடசாரம் எண்வினைகளுக்கும் உவமை சொல்லும்போது ஞானாவரணீயத்தைத் திரைச்சீலைக்கும், காட்சியைத் தடுக்கும் வினையை வாயிற்காவலனுக்கும், மயக்கும் வினையைக் கள்ளுக்கும் ஒப்பிடுகிறது. மற்றது மேகம். எவ்வளவு அடர்ந்த மேகம் மூடினாலும் பகல் பகலாகவே இருக்கும், இரவோடு அதைக் குழப்ப முடியாது. அதுபோல எவ்வளவு கீழான உயிரிலும் அறிவின் ஒரு நுண்பங்கு மூடப்படாமலே இருக்கும் என்கிறது நந்தி சூத்திரம். இது சுவேதாம்பரரின் நூல் என்றாலும், நிகோதம் என்ற கடைநிலை உயிரிலும் அறிவின் கடைசித் துளி திறந்தே இருக்கும் என்பதில் திகம்பரருக்கும் மாறுபாடு இல்லை. இரண்டு உவமைகளையும் உரைகாரர்கள் ஒன்றுபோலவே கையாள்கிறார்கள். ஆனால் இயற்பியலாக எடுத்துக்கொண்டால் இரண்டும் வெவ்வேறு மறைப்புகள். துணி ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது. மேகம் ஒளியை ஏறத்தாழ விழுங்குவதே இல்லை, சிதறடித்து ஒரு பங்கைக் கீழே விடுகிறது, ஆனால் கதிரவனின் வட்டத்தைக் காட்ட மறுக்கிறது. நம் தசை மேகத்தின் இனத்தைச் சேர்ந்தது; நீர்த்துளிக்குப் பதிலாகச் செல்களும் நார்களும், அவ்வளவுதான். என் வாதம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. உடல் தன்னை மறைத்துக்கொள்வது இருட்டால் அல்ல, ஒழுங்கைக் குலைப்பதால். மறைப்பைப் பற்றிப் பேசும் எந்தத் தத்துவமும் துணியை விட்டு மேகத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இதற்குச் சான்று உடலிலேயே, அதிலும் கண்ணிலேயே இருக்கிறது. விழியின் முன்புறம் உள்ள கருவிழிப்படலமும் அதைச் சூழ்ந்த வெள்ளை விழியும் பெரும்பாலும் ஒரே பொருளால், கொலாஜன் நார்களால், ஆனவை. ஒன்று கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது, மற்றது சுண்ணாம்புச் சுவர்போல் வெளுத்திருக்கிறது. 1957இல் டேவிட் மாரிஸ் என்ற ஆய்வாளர் இதற்கு விளக்கம் சொன்னார்: கருவிழிப்படலத்தில் நார்கள் ஒரே பருமனாக, சீரான இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன, ஆகவே பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நேரே போவது மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளை விழியில் நார்கள் பருமனிலும் அடுக்கிலும் தாறுமாறு. பொருள் ஒன்று, அடுக்கு வேறு. ஒன்று சாளரம், மற்றது சுவர். கண்புரையும் அப்படித்தான். லென்ஸில் புதிதாக எந்தக் கரியும் படிவதில்லை. அதிலுள்ள புரதங்களே திரண்டு ஒழுங்கு குலைகின்றன. அதனால்தான் முற்றிய புரை கறுப்பாக இல்லாமல் பெரும்பாலும் வெண்மையாக இருக்கிறது. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய தென்னார்க்காடு, புதுச்சேரி வட்டாரத்து மருத்துவர்களுக்கு இன்னொரு சான்று கைவந்த கலை: விரைவீக்கத்தின் பின்னால் டார்ச்சைப் பிடித்தால், உள்ளே தெளிநீர் கோத்திருந்தால் பை முழுவதும் சிவந்து ஒளிரும், குடல் இறங்கியிருந்தால் ஒளிராது. இவை எல்லாவற்றையும் விட வியப்பானது 2024 செப்டம்பரில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. டார்ட்ரசின் என்ற மஞ்சள் வண்ணம் நம் இனிப்புக் கடைகளுக்குப் புதியதல்ல, லட்டுக்கும் கேசரிக்கும் சேர்க்கும் நிறங்களில் ஒன்று. அதன் அடர்ந்த கரைசலை உயிருள்ள எலியின் வயிற்றுத் தோலில் தேய்த்தபோது, தோல் ஊடுருவிப் பார்க்கும்படி தெளிந்து, உள்ளே குடலின் அசைவு தெரிந்தது. கழுவிவிட்டால் தோல் பழையபடி ஆகிவிட்டது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, புரதத்துக்கும் கொழுப்புக்கும் அது 1.45ஐ ஒட்டியது, இந்த வேறுபாடே சிதறலின் வேர். நீல ஒளியைக் கடுமையாக விழுங்கும் இந்தச் சாயம், சிவப்பு ஒளிக்கு நீரின் விலகல் எண்ணை உயர்த்திக் கொழுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. ஒரு நிறத்தை அடைக்கும் பொருளைச் சேர்த்ததால் மற்ற நிறத்துக்குத் திரை விலகியது. எலித்தோலைவிட மனிதத் தோல் பல மடங்கு தடிமன். வீட்டில் செய்துபார்க்கும் வேலை அல்ல இது. ஆனால் தத்துவக் கேள்விக்கு இந்தச் சோதனை போதும்: இங்கே திரை என்ற தனிப்பொருள் எதுவும் இல்லை. அடுத்தடுத்து இருக்கும் பொருள்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வுதான் திரையாக நின்றது.

மடத்துப் பண்டிதர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். சமணத்தில் வினை என்பது உவமையோ உறவோ அல்ல. அது புற்கலம், அதாவது பருப்பொருள். உயிரில் உண்மையாகவே வந்து ஒட்டும் நுண்துகள். அதை ஏற்றத்தாழ்வு என்று கரைத்துவிட்டால் சாங்கியத்துக்கோ வேதாந்தத்துக்கோ போய்விடுவோம். பிறகு தவம் எதை உதிர்க்கும், நோன்பு எதை எரிக்கும்? செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியர் ஓர் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதற்காகவா அதைச் செய்தார்? இந்த ஆட்சேபம் வலுவானது. என் விடை இவ்வளவே: எலித்தோலை வைத்து வினையின் இயல்பை நிறுவ நான் முயலவில்லை, அப்படி நிறுவவும் முடியாது. தோலிலும் பொருள்கள் உண்டு, நீரும் கொழுப்பும் புற்கலமே. அவை இருப்பதால் மட்டும் மறைப்பு உண்டாவதில்லை, எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதால் உண்டாகிறது. இதைச் சொல்லச் சமணத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. வினையை அது எவ்வளவு என்று மட்டும் கணக்கிடுவதில்லை; என்ன வகை, எவ்வளவு காலம், என்ன வீரியம், எத்தனை துகள் என்று கட்டு நான்கு வகையாகப் பிரிகிறது. அறிவை மறைக்கும் வினை பாதி அழிந்து பாதி அடங்கிக் கிடக்கும் நிலையில்தான் நம் அன்றாட அறிவு நடக்கிறது என்று தத்துவ நூல்கள் சொல்கின்றன. திரைச்சீலைக்குப் பாதி அடங்குவது என்ற நிலை ஏது? மேகத்துக்கு உண்டு. ஆக, நான் கைவிடச் சொல்வது நேமிசந்திரரின் ஓர் உவமையைத்தான், அவருடைய கணக்கை அல்ல.

மறைப்பு ஒழுங்குக் குலைவு என்றால், அதைத் தாண்டி அறிவது எப்படி நடக்கிறது? உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அறிவை ஐந்தாகப் பிரிக்கிறது: மதி (புலனும் மனமும் தரும் அறிவு), சுருதம் (சொல்வழி அறிவு), அவதி (தொலைவறிவு), மனப்பரியயம் (பிறர் மனம் அறிதல்), கேவலம் (முழு அறிவு). முதல் இரண்டும் பரோட்சம் (மறைமுகம்), மற்ற மூன்றும் பிரத்தியட்சம் (நேரடி). இந்தியத் தத்துவத்தில் இதுபோல் துணிச்சலான பிரிவினை குறைவு. கண்ணால் கண்டது பிரத்தியட்சம் என்று நையாயிகரும் பௌத்தரும் சாதாரண மனிதரும் ஒருங்கே சொல்லும்போது, பழைய சமணர் மட்டும் கண்ணால் கண்டதும் மறைமுக அறிவே என்றார்கள். இதற்குக் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் தரும் காரணம், புலன்கள் உயிருக்கு அயலானவை, அயலான ஒன்றின் கைவழி வந்த அறிவு நேரடியாக இருக்க முடியாது என்பது. (வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலையில் அவருடைய பாதங்களைத் தமிழ்ச் சமணர் வழிபடுகிறார்கள், இந்தத் தத்துவம் எங்கிருந்தோ வந்து இறங்கியது அல்ல.) மற்றத் தத்துவக்காரர்கள் சிரித்திருப்பார்கள் போலும். 8ஆம் நூற்றாண்டில் அகளங்கர், வாத மேடையில் பேச்சு நடக்க வேண்டுமே என்று, புலனறிவை ‘வழக்கில் பிரத்தியட்சம்’ என்று ஒரு சமரசம் செய்துவைத்தார். நடைமுறைக்கு உகந்த சமரசம்தான் அது, ஆனால் பழைய கண்டிப்பு அதில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. மருத்துவப் படங்களின் காலத்தில் அந்தக் கண்டிப்பு மறுபடி தேவைப்படுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண் பொருளைத் தொடாமலே அறிகிறது என்பது சமணக் கொள்கை. உமாசுவாதிக்கு உரை எழுதிய பூஜ்யபாதர் வழிவந்த வாதம் இது: கண் தொட்டு அறியும் புலன் என்றால் தன்மேல் இட்ட மையையே அது பார்க்க வேண்டும், பார்ப்பதில்லை. மூடியிருப்பதைக் கண் பார்க்காது, ஆகவே அது போய்த் தொடுகிறது என்று எதிராளி சொன்னால், கண்ணாடி, அப்பிரகம், படிகம் ஆகியவற்றால் மூடிய பொருளைக் கண் பார்க்கிறதே என்பது பதில். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற நையாயிகக் கொள்கையை மறுத்தவரை இந்த வாதம் சரி. ஆனால் பொருளிலிருந்து கிளம்பிய ஒளி விழித்திரையைத் தொடத்தான் செய்கிறது; இந்தப் பக்கத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் கொள்கை அப்படியே நிற்காது. ஆயினும் அந்தப் பதிலில் ஒரு கூர்மை இருக்கிறது. மூடுவது வேறு, மறைப்பது வேறு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கண்ணாடி மூடும், மறைக்காது. அவர்களுடைய பட்டியலில் இல்லாத மூன்றாவது இனம்தான் தசை: மறைக்கும், ஆனால் அடைக்காது. அடைக்காததால் ஒளி வருகிறது. மறைப்பதால் அந்த ஒளியிலிருந்து வடிவத்தை ஊகித்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊகம் எப்படி நடக்கிறது என்பதில்தான் பொருள் செறிந்து கிடக்கிறது. ஒளிப்பரவல் வழி உட்படம் எடுப்பவர்கள் தலையிலோ மார்பிலோ பல இடங்களில் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பல இடங்களில் வெளிவரும் ஒளியை அளக்கிறார்கள். செலுத்தும் புள்ளிக்கும் பெறும் புள்ளிக்கும் 3 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், பிடிபட்ட துகள்கள் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்வரை வளைந்து போய்த் திரும்பியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாதைக்கு வாழைப்பழம் என்றே பெயர். எந்தத் துகள் எவ்வழி போனது என்று யாருக்கும் தெரியாது. சராசரிப் பாதையே கையில் இருப்பது. விளிம்பில் கிடைத்த எண்களிலிருந்து உள்ளே எங்கே குருதி அதிகம், எங்கே ஆக்சிஜன் குறைவு என்று கணக்குப் போட வேண்டும். இங்கே இயற்பியல் ஒரு கதவை அடைத்துவிடுகிறது: ஒரே விளிம்பு அளவைத் தரக்கூடிய உள்ளமைப்புகள் ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, ‘உள்ளே மாற்றம் மெல்ல மெல்லத்தான் இருக்கும்’ என்பது போன்ற ஒரு முன்முடிவைக் கணினியில் சேர்க்கிறார்கள். திரையில் வரும் வண்ணப்படம் ஒளி சொன்னதும் மனிதர் முன்கூட்டி நம்பியதும் கலந்தது. உமாசுவாதி மதிஞானத்தை நான்கு படியாக்குவார்: ஏதோ ஒன்று என்று பற்றுவது, அது என்னவாக இருக்கும் என்று தேடுவது, இன்னது என்று துணிவது, நினைவில் நிறுத்துவது. நாம் சாதாரணமாகப் பார்க்கும்போது இந்த நடுப்படிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், தேடலும் துணிவும் நடந்ததே தெரிவதில்லை. உட்படக் கருவியில் அவை தனித்தனியாக, சூத்திரங்களாக எழுதப்பட்டு நிற்கின்றன.

இதனால் என்ன ஆகிவிடும், எல்லா அறிவும் ஏதோ ஒரு வகையில் ஊகம்தானே, பரோட்சம் என்று பெயர் சூட்டுவதால் ஒரு நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கணக்கெடுத்தவர்கள் விரலில் மாட்டிவிட்ட சிறு கருவியே இதற்குப் பதில். ஜப்பானில் தகுவோ அவோயாகி 1974இல் முன்வைத்த முறையில் இயங்கும் ஆக்சிமீட்டர், 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாததும் இந்த இரண்டு நிறங்களை வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன. ஒரே நிறம் போதாது. ஒரு நிறத்தின் சாட்சி, குருதி அதிகமா ஆக்சிஜன் குறைவா என்று சொல்லத் தெரியாமல் விழிக்கும். ஒவ்வொரு நோக்கும் பொருளின் ஒரு பக்கத்தையே காட்டும் என்ற நயக் கொள்கைக்கு இதைவிட வெளிப்படையான கருவி இல்லை. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இரண்டு நிறங்களின் விகிதத்திலிருந்து 97, 98 என்ற எண்ணுக்குப் போகும் வழி சுத்தமான இயற்பியலால் அமைந்ததல்ல, சிதறல் அதைக் கெடுத்துவிடுகிறது. நலமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்கள் குருதியை நேரே அளந்து, அந்த அளவோடு விகிதத்தைப் பொருத்தித் தயாரித்த அட்டவணை ஒன்று கருவிக்குள் இருக்கிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு என்று சொல்லுமுன் அடுக்களைகளைப் பார்த்துவைப்பது போன்ற வேலை இது. எந்த அடுக்களைகளைப் பார்த்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தன்னார்வலர்களில் கருநிறத்தோர் மிகக் குறைவு. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டகத்தின் 2013 வழிகாட்டி கேட்டதே குறைந்தது 10 பேர், அவர்களில் கருநிறத்தோர் இருவர் அல்லது 15 விழுக்காடு என்ற அளவில்தான். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் தமனிக் குருதியின் அளவு 88க்குக் கீழே இருந்தது, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டு அளவீடுகளில், வெள்ளையரில் 3.6 விழுக்காட்டில். மெலனின் விழுங்கும் சிவப்பைக் கருவி வேறு எதன் கணக்கிலோ எழுதிக்கொண்டது. நம் மக்களின் தோல் நிறத்தை நினைத்தால் இது அமெரிக்கர் சண்டை என்று இருந்துவிட முடியாது. 2025 ஜனவரியில் அதே கட்டுப்பாட்டகம் 150 பேருக்குக் குறையாமல், எல்லா நிறத்தோரிலும் சோதிக்கச் சொல்லி வரைவு வெளியிட்டது. பிழை இருந்தது கருவியில் மட்டும் இல்லை. ‘இன்ன நிறத்தோரில் பொருத்திப் பார்த்த அட்டவணைப்படி 95’ என்று படிக்க வேண்டியதை ‘95’ என்று படித்ததில் இருந்தது. எதையும் ‘ஒரு நோக்கில்’ என்று சேர்த்துச் சொல்லும் சமணரின் ஸ்யாத்வாதம், எதையும் உறுதியாகச் சொல்லாத வழவழப்பு என்று சங்கரர் காலம் முதல் கேலி செய்கிறார்கள். ஓர் எண்ணை அதன் நிபந்தனையோடு சேர்த்துச் சொல்லும் கறார்த்தனம் அது என்பதற்கு இந்தச் சின்னக் கருவி போதிய சாட்சி. பொழுது சாய்ந்தால் சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே உண்ணாதே என்று விதித்துக்கொண்டு தமிழ்ச் சமணரான நயினார் குடும்பங்கள் இருட்டுமுன் சாப்பாட்டை முடிக்கிற வழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது: எவ்வளவு தெரிகிறது என்பது தெரியாமல் செய்யும் செயல் கொல்லும்.

இயற்பியல் படித்தவர்கள் இதற்கு எதிராக இரண்டு விஷயங்களை எடுத்துக்காட்டுவார்கள். ஓ.சி.டி. என்று கண் மருத்துவமனைகளில் வழங்கும் கருவி, 1991இல் டேவிட் ஹுவாங்கும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்தியது, விழித்திரையின் அடுக்குகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில் காட்டுகிறது. இதிலே ஊகம் எங்கே? பதில், அந்தக் கருவி செய்யும் வேலையில் இருக்கிறது. பலமுறை சிதறித் திசை இழந்த ஒளியை அது குறுக்கீட்டு முறையால் ஒதுக்கிவிட்டு, ஒரே முறை பட்டு ஒழுங்கோடு திரும்பிய ஒளியை மட்டும் பொறுக்குகிறது. கண்ணில் அது அவ்வளவு தெளிவாக இருப்பது, விழிக்குள் இருக்கும் நீர் படிகத்தின் இனம் என்பதால். தோலில் அதே முறை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகராது. அதற்கப்பால் ஒழுங்கான துகள் மிஞ்சுவதில்லை. இரண்டாவது எடுத்துக்காட்டு கூர்மையானது. 2007இல் நெதர்லாந்தில் வெல்லேகோப்பும் மோஸ்கும் வெள்ளைச் சாயப் பூச்சு ஒன்றின் வழியாக ஒளியைச் செலுத்தினார்கள். உள்ளே நுழையும் அலையை முன்கூட்டியே தக்கபடி சிதைத்து அனுப்பியபோது, மறுபக்கத்தில் அது ஒரு புள்ளியில் ஆயிரம் மடங்கு பிரகாசமாகக் குவிந்தது. ஆக, சிதறல் எதையும் அழிப்பதில்லை, கலைத்துப் போடுகிறது. கலைத்த முறை முழுவதும் தெரிந்தால் மேகத்தையே கண்ணாடி ஆக்கலாம். முழு அறிவுக்கு மறைப்பு இல்லை என்பதற்கு இது ஆய்வுக்கூடச் சான்றல்லவா, கேவலஞானம் விஞ்ஞானத்தில் நிரூபணமாகிவிட்டதல்லவா என்று சிலர் துள்ளக்கூடும். துள்ள வேண்டாம். சாயப்பூச்சு அசையாமல் இருந்தது. உயிருள்ள தசையில் குருதி ஓடுகிறது. கலைத்த முறை ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் மாறிவிடுகிறது, அளந்து முடிப்பதற்குள் அளந்தது பழசாகிவிடுகிறது. தோன்றுவது, மறைவது, நிலைப்பது மூன்றும் சேர்ந்ததே உள்ளது என்ற சமண இலக்கணம் இங்கே கேவலத்துக்கு உதவாமல் பரோட்சத்துக்கே உதவுகிறது.

அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் இருக்கிறது. ஒளி புற்கலம், தசை புற்கலம், அளக்கும் உணரி புற்கலம். வெயிலையும் நிழலையும் இருளையும்கூடப் புற்கலத்தின் மாற்றங்களாகவே தத்துவார்த்த சூத்திரம் பட்டியலிடுகிறது. புற்கலம் புற்கலத்தின் வழியாகப் புற்கலத்தை அறிவிக்கும் ஏற்பாட்டில் உயிருக்கு இடமில்லை. 1977இல் பிரான்ஸ் யோப்சிஸ் மண்டையோட்டின் வழியே அகச்சிவப்பைச் செலுத்தி மூளையின் ஆக்சிஜன் நிலையை அளக்கலாம் என்று காட்டியபின், இன்று குழந்தைகளுக்கு மொழி கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதியில் குருதி கூடுகிறது என்றுவரை பார்க்கிறார்கள். இதைக் கொண்டு எண்ணத்தை ஒளியால் பார்த்துவிட்டோம், ஆகவே உயிர் என்று தனியாக எதுவும் இல்லை என்று, பருப்பொருள் மட்டுமே உண்டு என்னும் பூதவாதி சொல்வான். திண்டிவனத்தை அடுத்த வீடூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசியில், பிசாசகன் என்ற பூதவாதியோடு நீலகேசி வாதிடும் சருக்கம் இந்தச் சண்டைக்கே உரியது. அந்தப் பழைய வாதம் இன்று வென்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிசாசகன் கையில் புதிய ஆயுதம் கிடைத்துவிட்டது என்பதும் சரியல்ல. கருவி அளப்பது எண்ணத்தை அல்ல, எண்ணம் நிகழ்ந்து ஐந்தாறு விநாடி கழித்து உச்சம் அடையும் குருதிப் பெருக்கை. உயிருக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை, தொடுவில்லை என்று குந்தகுந்தர் சொன்னதை ஏற்பவர், அது படத்தில் அகப்படாததைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஏற்காதவர், அகப்படாததை வைத்து வெற்றி கொண்டாடவும் முடியாது.

மிஞ்சியிருப்பது வினைப்பொருள். அது புற்கலம் என்று சமணரே சொல்வதால், என்றாவது ஒரு கருவியில் அது அகப்படும் என்ற ஆசை நியாயமானதாகவே தோன்றும். இக்காலச் சமண எழுத்தாளர் சிலர், கருமை முதல் வெண்மைவரை ஆறாகச் சொல்லும் லேசியைகள் என்ற உயிர்ச்சாயல்களை உடலைச் சுற்றிய ஒளிவட்டத்தோடு இணைத்து எழுதுகிறார்கள். அந்த ஒளிவட்டத்தைப் படம்பிடித்துத் தருவதாகக் கட்டணம் வாங்கும் கடைகளும் நகரங்களில் உண்டு. இதற்கு மறுப்புத் தேட ஆய்வுக்கூடம்வரை போக வேண்டியதில்லை. வினையுடலும் தைஜசம் என்ற நுண்ணுடலும் எதனாலும் தடைபடாதவை, எதையும் தடுக்காதவை, பாறைக்குள்ளும் தங்குதடையின்றிப் போகும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அதிகாரம். ஒளியைச் சிதறடிக்கவோ விழுங்கவோ செய்யாத ஒன்றை ஒளியால் படமெடுக்க வழியில்லை. கொழுப்பும் நாரும் குருதியும் தெரிவது அவை ஒளியைத் தொந்தரவு செய்வதால் மட்டுமே. 1939இல் சோவியத் ஒன்றியத்தில் கிர்லியன் கண்டறிந்த, விரலைச் சுற்றி நீலக்கொழுந்து தெரியும் படம், உயர் மின்னழுத்தத்தில் காற்று மின்னுவது. விரலில் வியர்வை கூடினாலும் குறைந்தாலும் கொழுந்தின் வடிவம் மாறும். கட்டணம் செலுத்தியவர் கோபத்தில் இருக்கிறாரா சாந்தத்தில் இருக்கிறாரா என்று கடைக்காரர் படித்துச் சொல்வது பெரும்பாலும் அந்த வியர்வையை.